தலைவர் வைத்த பெயர்

என் தனம் அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் கூட்டம் போடுகிறார்களா? போட்டால் நீதான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய்.

நேற்று பென்னலூருக்கு உன் தலைவர் வந்தார். முன்பு வந்த மாதிரியேதான். ஏரிக்கரைப் பக்கம் முதலில் புழுதி எழுந்தது, அப்புறம் கார், அப்புறம் அந்த வெள்ளை வேட்டி சட்டை. பனிக்குள்ளிருந்து கொக்கு நடந்து வருவது போல. நீ பக்கத்தில் நின்று என் கையைக் கிள்ளுவது போலவும் இருந்தது. "அவர் மேல அழுக்கே ஒட்டாதுடி" என்பாய். கரைக்கு அந்தப் பக்கம், காருக்குப் பின்னால் அவர் வேட்டி மாற்றியதை விறகு பொறுக்கப் போன நான் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். நம்பினாயா?

என் மகள் பிறந்தபோது, தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். அவர் வரும் வரை பாப்பா என்றே கூப்பிட்டோம். வந்த அன்று, புதிதாக மொட்டை அடித்திருந்த குழந்தைக்கு உன் மகனின் சட்டையை மாட்டி மேடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. படம் எடுக்கிறவனைப் பார்த்துச் சிரித்தபடி 'வெற்றிச்செல்வன்' என்றார். கூட்டம் கைதட்டியது. நீயும் தட்டினாய்.

மாற்றலாம் என்று அழுதேன். "பெரியவரு வாயால வந்த பேருடி, மாத்துனா கொயந்தைக்கு ஆவாது" என்றாய். என் வீட்டுக்காரரும் உன் பக்கம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, இரண்டும் மாப்பிள்ளையா என்று சம்பந்தி கேட்டார். அதையெல்லாம் மறந்திருப்பேன் என்றா நினைத்தாய்?

அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. மறைமலை நகரில் வேலை பார்க்கும் மருமகன், இதற்கும் தலைவரே பெயர் வைக்கட்டும் என்றார். நேற்று அவள் குழந்தையோடு மேடை ஏறினாள்.

தலைவர் கை நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. "எம் பேரு வெற்றிச்செல்வன்ங்க" என்றாள். ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது.

அவர் சிரித்துவிட்டார். "யாரும்மா பொண்ணுக்கு இப்படிப் பேர் வச்சது?"

"நீங்கதான்."

யாரும் கைதட்டவில்லை. அவர் சிரிப்பைக் கலைக்காமல் படம் எடுக்கிறவனைத் தேடினார். வேட்டியில் ஒரு கறைகூட இல்லை, அக்கா. அது மட்டும் நீ சொன்னபடிதான்.

"இவளுக்கு நானே வச்சுட்டேன்" என்று சொல்லி இறங்கி வந்தாள். என்ன பெயர் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரா என்று முறைத்தேன்.

"ஆசையாத்தான தூக்கினு ஓடுச்சு பெரிம்மா," என்றாள். "உன் சண்டைய நீ வச்சுக்கோ."

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இனி உன் பெயரைச் சொல்லித் திட்டுவதென்றால், தூளியை ஆட்டிக்கொண்டு, குழந்தை விழித்துவிடாதபடி மெதுவாகத்தான் திட்ட முடியும். ஒரு நாளும் விடாமல் திட்டுவேன், அக்கா. இது சத்தியம்.

உன் பின்னால் பிறந்து, உன்னோடு சண்டை தீராத தங்கை,
ராஜம்மா