சொம்புக்கு ஒற்றைக் கொம்பு

சேசு மரி சூசை துணை

பொம்மிடி,
9.6.2025, திங்கள்

புனேயில் இருக்கும் என் அக்கா மகள் ஜெனிஷா பாப்பாவுக்கு, தாய்மாமன் சவுரியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. சரி, உனக்கு வேலை இருக்கும். அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே போஸ்ட் ஆபீஸில் கவரை முதல் பையில் போட்டுவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. மொரப்பூரில் ரயில் நிற்க வேண்டும் என்று ஒரு தடவை நான் எழுதின மனுவைப் படித்துவிட்டு டில்லியில் மூன்று ஆபீசர்கள் கண் கலங்கினார்கள் என்று கேள்வி. அப்படிப்பட்ட கை இது.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமைக்குள் பாக்கெட்டில் வைக்கிற செய்முறைச் சீட்டை மாற்றாவிட்டால், அக்கா அரைத்து நீ விற்கிற நம் கேழ்வரகு மாவை ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் எடுத்துவிடுவார்களாம். நீயும், "சனிக்கிழமையோட கடைய மூடிடலாம்மா, என்னால முடியல" என்று சொன்னாயாம். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு, சலித்து வைத்த மாவையே எடுத்து மறுபடியும் சலித்துக்கொண்டிருக்கிறாள். உங்கப்பா போன பிறகு அவள் நிமிர்ந்து நடந்தது இந்த மாவால்தான். எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நாலு நடை நடந்துவிட்டேன், எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

அந்தச் சீட்டு நான் எழுதினதுதான், ஒத்துக்கொள்கிறேன். லேசுப்பட்ட சீட்டா அது. பாதி நம் மண்ணின் பெருமை. பைபிளில் வரும் சிம்சோன் தூணைச் சாய்த்ததே கேழ்வரகுக் களி தின்ற பலத்தில்தான் என்று ஒரு வரி. நடுவில்தான் சமையல் வரும். ஒரு சோம்பு தண்ணீர் கொதிக்க வைத்து, மாவைக் கொட்டிக் கிண்டவும் என்று எழுதியிருந்தேன். நான் மனசில் நினைத்தது நம் வூட்டுப் பித்தளைச் சொம்பு. சென்னையில் நம் மாவை வாங்கின ஓர் அம்மா, கடைக்குப் போய் சோம்பு வாங்கி, அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார்.

ஒரு ஸ்டார் போட்டு நீளமாக எழுதியிருந்தார். நான் சும்மா விடுவேனா. களி கிண்டத் தெரியாதவர்கள் களிமாவு வாங்கக் கூடாது, உங்கள் தாய் உங்களுக்கு என்னதான் கற்றுக்கொடுத்தார் என்று கடையின் பெயரிலேயே பதில் போட்டேன். நல்ல நடையில்தான் போட்டேன். உடனே பதினோரு பேர் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார்கள். நீ பாஸ்வேர்டை மாற்றிவிட்டாய்.

பிழை பிரஸ்காரனுடையது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அரூருக்குப் போய் சந்திரமோகன் பிரஸ் வாசலில் நின்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவன் ஃபைலிலிருந்து என் தாளை எடுத்து முன்னால் வைத்தான். "அண்ணா, நீங்க எழுதினதத்தாங்க அடிச்சேன்" என்றான். என் எழுத்துதான். இரட்டைக் கொம்பு. சொம்புக்கு ஒற்றைக் கொம்பு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் காட்டினான். நான் எட்டாவது வரை படித்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நாலாவதுதான் பாப்பா. பிரஸ்ஸில் நடந்ததை இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.

புதுச் சீட்டு எழுதினேன். பக்கத்து வூட்டு மாப்பிள்ளை மரிய ஆனந்த் லீவில் வந்திருக்கிறான், அடுப்பு பற்ற வைத்தே அறியாதவன். சீட்டை மட்டும் அவன் கையில் கொடுத்து, நான் வாயே திறக்கக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். பூசையில்கூட நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. மாவைக் கொட்டிக் கிண்டவும் என்பதைப் படித்தவன் கொட்டின கையோடு கிண்டிவிட்டான். கட்டி கட்டியாய்ப் போயிற்று. கொட்டி, மூடி, ஐந்து நிமிஷம் தொடாமல் விட வேண்டும் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறேன். இரண்டாம் தடவை, வெந்ததும் இறக்கவும் என்ற இடத்தில் நின்றுவிட்டான். "வெந்துடுச்சுன்னு எப்படிங்க மாமா தெரியும்?" என்றான். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதையும் சேர்த்தேன். மூன்றாம் தடவை களி உருண்டு வந்தது பார், ஊரே கூடி நின்று கை தட்டியது. சரி, ஊர் இல்லை. அக்கா மட்டும்தான்.

அந்தச் சீட்டைத் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். ஆறே வரி. சொம்பே கிடையாது. ஒரு டம்ளர் மாவுக்கு அதே டம்ளரில் இரண்டரை டம்ளர் தண்ணீர். சிம்சோனை எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான். பிழை ஏதும் இல்லை என்று சந்திரமோகன் சொன்னான், நீயும் ஒரு தடவை பார்த்துவிடு.

இன்னொன்று. சென்னை அம்மா எழுதினதை நான் கோபத்தில் முழுசாகப் படிக்கவில்லை. அரூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில்தான் கடைசி வரை படித்தேன். அவருடைய அப்பா பாப்பிரெட்டிப்பட்டிக்காரராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோறு இறங்காமல், நம்ம ஊர்க் களி வேண்டும் என்று கேட்டாராம். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். கண்ணை மூடினால் எனக்கு அந்தச் சுவர்தான் தெரிகிறது.

கடையை மூடுவதானால் மூடு. என் மேல் உள்ள கோபத்தில் மட்டும் மூடாதே. அந்த அம்மாவின் விலாசம் உன்னிடம் இருக்கும், ஒரு பாக்கெட் மாவும் இந்தச் சீட்டும் அனுப்பு. மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் என் பெருமையில் போய் முடிகிறது, கிழித்துவிட்டேன். தப்பு எங்களுடையது என்று நீயே ஒரு வரி போடு. மாமாவுடையது என்று போட்டாலும் சரிதான்.

ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். என்னிடம் நீ பேசக்கூட வேண்டாம் கண்ணு. அந்தப் பெரியவர் சாப்பிட்டாரா என்று மட்டும் உன் அம்மாவிடம் சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சவுரியப்பன்