ஆறாவது தசம இடம்

பிர்ச் வளைகுடா,
12 ஏப்ரல் 1952

அன்புத் தம்பி எய்னாருக்கு,

நலம்தானே? இங்கே ஏரியில் பனி இன்னும் உடையவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு இரும்பு நுரையீரல் கேட்டிருந்தோம். மூன்று போதும் என்று உங்கள் சுகாதார அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அடியில் உன் கையெழுத்து! "உன் தம்பிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க மேல அவ்வளவு நம்பிக்கையா, தோரா?" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலியோவில் மூச்சு முடங்கிய பிள்ளைக்கு, உள்ளே படுக்கவைத்து மூச்சுவிட வைக்கும் அந்தப் பெட்டியை விட்டால் வேறு கதி கிடையாது. எந்தக் கணக்கில் மூன்று போதும்?

உன் அக்கா,
தோரா

வின்னிபெக்,
21 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. பெட்டிகள் குறைவு, கேட்கிற ஊர்கள் அதிகம். உங்கள் வட்டாரத்தில் மூவாயிரம் பிள்ளைகள். ஒரு கோடையில் ஒரு பிள்ளைக்கு மூச்சு முடங்க ஆறாயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஒரே கோடையில் நால்வருக்கு வருவது ஐந்நூறு ஆண்டுகளில் ஒரு முறை நடந்தால் அதிகம். முதலில் பாய்சான் என்ற கணிதவியலாளரின் சுருக்கு வாய்பாட்டில் தோராயமாகப் போட்டேன். "தோராயத்தை நம்பலாமாப்பா?" என்றார் மேலதிகாரி. மூன்று நாள் உட்கார்ந்து, எதையும் சுருக்காமல் முழு ஈருறுப்புக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஆறாவது தசம இடத்தில்தான் வருகிறது, அக்கா! அலுவலகமே அசந்துவிட்டது. நிம்மதியாக இரு.

உன் எய்னார்

பிர்ச் வளைகுடா,
30 ஆகஸ்ட்

எய்னார்,

எட்டு நாளில் நான்கு பிள்ளைகள். நால்வரும் ஒரே தெரு, ஏரியில் ஒன்றாகக் குளித்தவர்கள். மூவரைப் பெட்டிகளில் வைத்துவிட்டோம். நான்காவதாக வந்தவள் லில்யா, எதிர்வீட்டு ஸ்வாவாவின் மகள். ஒன்பது வயது. "யாரை வெளியே எடுக்கிறது, நீயே சொல்லு" என்றார் டாக்டர். நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தோம், முறை மாற்றிப் பத்தொன்பது மணி நேரம். "கை வலிக்குதா அத்தை?" என்று தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அவளால் பேச முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் உங்கள் லாரி வந்தது. மூன்று புதுப் பெட்டிகள்.

தோரா

வின்னிபெக்,
8 செப்டம்பர்

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். சுருக்கு வாய்பாடு பிசகவில்லை. முழுக் கணக்கும் சுருக்குக் கணக்கும் சேர்ந்தே தப்பு. ஒரு பிள்ளைக்கு வருவது பக்கத்துப் பிள்ளையைத் தொடாது என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. தொற்றுநோய்க்குப் போய் அதைப் போட்டிருக்கிறேன். இரண்டு கணக்குகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவன், உங்கள் தெருவை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "வாய்பாடு சரிதானப்பா, நேரம்தான் சரியில்ல. அடுத்த வட்டாரத்தப் பாரு" என்றார். வேலையை விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்து ஸ்வாவாவிடம் என் வாயால் சொல்ல வேண்டும். வரட்டுமா?

எய்னார்

பிர்ச் வளைகுடா,
2 அக்டோபர்

எய்னாருக்கு,

வராதே.

ஸ்வாவா தினமும் காலையில் காபிக்கு வருகிறாள். "நாடு முழுக்கத் தட்டுப்பாடு, யாரு என்ன பண்ண முடியும்? நீதான் கை ஓயுற வரைக்கும் அழுத்தினியே" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஆறு கேட்டதும், மூன்று போதும் என்று வந்ததும் அவளுக்குத் தெரியாது. டாக்டர் சொல்ல மாட்டார். எனக்குத் தைரியம் இல்லை. உனக்கோ பொய் வராது. நீ சொன்னால் உன் பாரம் இறங்கும். அதை அவள்தான் சுமக்க வேண்டும்.

கடிதமும் போடாதே. தபால்காரர் அனுப்பியவர் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தருவார். அந்த நேரத்தில் அவள் என் எதிரில் உட்கார்ந்திருப்பாள்; தம்பி என்ன எழுதியிருக்கான் என்று கேட்பாள்.

தோரா