எர்த் போல்ட்டின் மேல் பச்சைப் பெயிண்ட்

அட்பாஷி,
ஏப்ரல் 9

என் செல்ல மகள் மீரிமுக்கு,

நானும் அப்பாவும் இரண்டு பசுக்களும் சுகம். மாஸ்கோக் குளிரில் நீயும் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், இதுவோ அவருக்குத் தெரியாமல் எழுதுவது. பக்கத்து வீட்டு அசான்பெக் அங்கே வருகிறான், காய்ந்த தயிர் உருண்டைப் பைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி வைத்த நம்முடைய பழைய மோட்டார் சைக்கிள். ஜூலையில் நீ வரும்போது நரின் பஸ் நிலையத்துக்கே அதில் வந்து அழைத்துக்கொள்வதாக அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறாராமே, அதற்காகப் போன மாத நோரூஸ் பண்டிகைக்கு முன்பே பச்சைப் பெயிண்ட் அடித்தார். அடித்ததிலிருந்து ஹெட்லைட் மங்கிவிட்டது. "வெளக்கு சரியில்ல, இனிமே இத எடுக்கறதா இல்ல, வித்துடலாம்" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். அசான்பெக் வந்து புது பல்பு போட்டும் அப்படியேதான் எரிந்தது. "வண்டிக்கும் உங்கள மாதிரியே வயசாயிடுச்சு மாமா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எனக்குத்தான் ஒன்று ஏன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காதே. நானே கிளப்பிப் பார்த்தேன். ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் இன்னும் மங்குகிறது, பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு அணைந்து தொட்டியின் பக்கவிளக்கு லேசாக மினுங்குகிறது. பிரேக்குக்கும் பக்கவிளக்குக்கும் என்னடி உறவு? இரண்டு நாள் இதே யோசனை, பால்கூடப் பொங்கி வழிந்தது. பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி அடைபட்டதால்தான் மின்சாரம் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாகப் புகுந்து போகிறதோ என்று தோன்றியது. "நீ கை வெச்சா வெளங்கின மாதிரிதான்" என்றார் அப்பா. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரை நேராக விளக்குக் கூட்டில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. எர்த் ஒயரை வண்டிச் சட்டத்தோடு முடுக்கும் போல்ட்டைத் தேடினால், கழற்றிப் பெயிண்ட் அடித்து அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார். உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் வைக்கோல் ஒவ்வொன்றும் தெரிந்தது மீரிம், நான் கைதட்டிவிட்டேன்.

அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் மங்கலாத்தான் இருக்கு, பொகை மாதிரி" என்றார். பெயிண்ட் அடிக்குமுன் ஒவ்வொரு திருகாணிக்கும் காகிதம் சுற்றுகிற மனுஷன் அவர். அப்போதுதான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன், நம்பர் பலகையில் பாதி பச்சை, வேகம் காட்டும் கண்ணாடியிலும் பச்சை. தீவன மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஏன், ஒனக்குப் படிக்கத் தெரியாதா" என்று வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விளக்கைக் குறை சொல்லிக்கொண்டே எத்தனை நாள் மறைத்தாரோ. கண் சரியாகத் தெரியவில்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார், "மீரிம்கிட்ட சொல்லிடாத, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா, நான் வந்து கூட்டிக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

ஒரு வாரம் ஓட்டிப் பழகிக்கொண்டு நானே நரின் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அப்பா தொட்டியில் உட்கார்ந்து வழியெல்லாம் "கியர மாத்து, கியர மாத்து" என்று ஒரே கத்தல். இரண்டு கண்ணிலும் புரையாம், அறுத்து எடுத்தால் நன்றாகத் தெரியும் என்கிறார் டாக்டர். முதல் கண் இருபத்திரண்டாம் தேதி. நீ வேலையை விட்டு ஓடி வராதே, நான் இருக்கிறேன். போனில் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே, வண்டி எப்படி என்று மட்டும் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இரு, கடவுள் உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஜூலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்களைப் பார்த்துக் கை ஆட்டாதே, கூப்பிடாதே. தூரத்திலேயே நில். அப்பாவே உன்னைக் கண்டுபிடித்து வரட்டும்.

உன் அம்மா,
புருல்