கரைக்கயிறும் சிவப்புத் தலைக் கல்லும்

திருகோணமலை,
ஆடி மாதம், ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் டினேஷுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். இங்கே அம்மா, தங்கச்சி றொஷானி, நான் மூவரும் உடம்பால் சுகம். நீயும் அந்த வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று பூசையில் கேட்டுவிட்டுத்தான் வந்து குந்தியிருக்கிறேன். உடம்பால் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் கதைப்பதை வேறு ஆட்களும் ஒட்டுக் கேட்பார்களாம் என்று கரையில் ஒரு கதை. உண்மையோ பொய்யோ தெரியாது, ஆனால் உன் அப்பனைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்குப் பொய்யே போதும். கிண்ணியா அர்ஷாக் லீவு முடிந்து இன்றிரவு நீ இருக்கிற தோகாவுக்கு ஏறுகிறான், அம்மா போட்ட பாரைக் கருவாட்டோடு இதையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். கடிதம் மணத்தால் குறை நினைக்காதே.

நம்முடைய கரையில் நாற்பது கோடிக்குப் பொழுதுபோக்கு நிலையம் கட்டப் போகிறார்கள் என்ற கதை நீ போகும்போதே இருந்தது, அது தேர்தலோடு கரைந்து போகும் என்று பெரிய அறிவாளி மாதிரி உனக்குச் சொன்னவனும் நான்தான். கரையவில்லை. நகரசபை பெரிய பலகையில் படம் போட்டு நட்டிருக்கிறது. நீச்சல் தடாகம், உடற்பயிற்சி அறை, கலியாண மண்டபம், பிள்ளைகள் மிதித்து ஓட்ட அன்னப்பறவைப் படகு. மகன், கடலைப் பார்த்துக்கொண்டே நீந்துவதற்குக் கடற்கரையில் ஒரு தடாகம்! மீன் விற்கிற இடத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு எத்தனை வருசம், ஐஸ் அறை பழுதாகிக் கோழி அடைக்கிற கூடாகிவிட்டது, பெண்களுக்கு ஒரு கக்கூசு இல்லை. அதற்கெல்லாம் காசில்லை என்று கைவிரித்த சபைக்கு அன்னப்பறவைக்கு மட்டும் காசு வந்துவிட்டது. அது எல்லாவற்றையும் பொறுக்கலாம், ஆனால் பலகையில் அன்னப்பறவை மிதக்கிற இடம்தான் நாங்கள் கரைவலை இழுக்கிற மணல், எங்கள் பாடு. அந்தப் பாடு போனால் வலை இழுக்க வேறு மணல் இல்லை, இரண்டு பக்கமும் ஹோட்டல்காரரின் வேலி. கருவாட்டுப் பெண்கள் சங்கத் தலைவி புஷ்பவதி முன்னுக்கு நின்று வாசிகசாலையில் கூட்டம் வைத்தா. நானும் போனேன், பிளேன்ரீ கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான். எல்லாரும் ஆளுக்கொரு சட்டம் கதைக்க, என் வாய் சும்மா இருக்குமா. அவங்கள் எல்லைக்கல் நடட்டும், நாங்கள் வலையைப் போட்டு மீனோட மீனா அதையும் இழுத்து எடுப்பம் என்று எழும்பி நின்று சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதை யாரோ போனில் பிடித்திருக்கிறான்.

பிறகு கேள். கரையில் நின்ற அந்தப் பனங்கட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னனில் அதில் ஏறி நின்றுதான் தோணி வருகிறதா என்று பார்ப்பாய். முழங்கால் போனதிலிருந்து எனக்கு வலை இழுக்க ஏலாது, வலைக்காரச் சம்மாட்டியார் இரக்கப்பட்டுத் தந்த வேலை, தோணி வலை வளைக்கப் புறப்படும்போது கரைக்கயிற்றின் முனையை அந்தக் கட்டையில் கட்டிவிட்டுக் காவல் இருப்பது. நிலத்தைச் சமப்படுத்த வந்த பெக்கோ இயந்திரம் அந்தக் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டது. அதே இடத்தில் சிவப்புத் தலையோடு ஒரு எல்லைக்கல், அதிலிருந்து நைலோன் நூல் கட்டி வரிசையாக மற்றக் கற்கள். போன செவ்வாய் விடியப்புறம் தோணி வெளிக்கிட்டது, நான் கயிற்றோடு போனேன், என் கை என்னைக் கேட்காமலே அதைக் கொண்டுபோய்க் கல்லில் கட்டிவிட்டது. மகன், நான் கல்லைப் பார்க்கவேயில்லை. கட்டுகிற இடத்தில் கட்டினேன், அவ்வளவுதான். அன்றைக்கு நீரோட்டம் பொல்லாத இழுவை. வலை பாரம் ஏற ஏற அந்தக் கல் பல்லுப் பிடுங்குகிற மாதிரிக் கழன்று, நூலோடு சேர்த்து மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. நான் ஐயோ ஐயோ என்று நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கடைசியில் மறு கயிற்றால் இழுத்து வலையின் மடி கரைக்கு வந்தபோது நெத்தலிக்கு நடுவில் சிவப்புத் தலையோடு கல் கிடக்கிறது. இழுத்த பெடியள் மணலில் உருண்டு சிரித்தார்கள், அண்ணை சொன்னதைச் செய்துபோட்டார் என்று ஒருவன் கத்தினான். அதையும் பிடித்திருக்கிறார்கள். கூட்டத்தில் நான் சொன்னதையும் கல் வந்ததையும் ஒட்டிப் பாட்டும் போட்டு விட்டிருக்கிறான் ஒரு புண்ணியவான். றொஷானி காட்டும்போது நானும் சிரித்தேன். ஆடுகிற என் தொப்பையைப் பார்த்து அம்மாவும் சிரித்தா. ஒரு நாளைக்குத்தான் அந்தச் சிரிப்பு.

அடுத்த நாள் மோட்டார்சைக்கிளில் ஒருவர் வந்தார். பஸ்தியாம்பிள்ளை வீடு எது என்று பேர் சொல்லிக் கேட்டு, கேற்றையும் வீட்டையும் படமெடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை பொலிசில் இருந்து வந்து, புதன் காலை நிலையத்துக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரம் உன்னோடு படித்த சிந்துஜன் வந்தான், இப்போது சபை உறுப்பினர் ஒருவரின் ஆளாகத் திரிகிறான். குசினி வரைக்கும் வந்து அம்மாவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான், அங்கிள் பயப்பிடாதேங்கோ, புஷ்பவதி அக்கா சொல்லித்தான் செய்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, உங்கட அலுவல் முடிஞ்சுது, இல்லாட்டி இது பொதுச் சொத்து, லேசில பிணை எடுக்க ஏலாது என்று. எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா. அவன் கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து நித்திரை இல்லை. மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் என் கால் தானாகவே கிணற்றடிக்குப் போகிறது. முழங்கால் வருத்தம் அந்த நேரம் மட்டும் எங்கே போகிறதோ தெரியாது. அம்மா என்னைத் தேடி வந்து வாளிக்குப் பின்னால் கண்டுபிடிக்கிறா. உன் சித்தப்பாவை நீ கண்டதில்லை. அவனையும் சும்மா ஒரு விசாரணை, வந்திட்டுப் போம் என்றுதான் கூப்பிட்டார்கள், சேட்டு மாற்றிக்கொண்டு சைக்கிளில் போனவன், இன்றுவரை வரவில்லை. அது சண்டைக் காலம், இது வேறு காலம் என்று எனக்கும் தெரியும். என் காலுக்குத்தான் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், புஷ்பவதியின் பேரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு முழு நாள் யோசித்தேன். சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தேன், கோழிக்கு முன்னால் நின்று. நேற்று அவவே படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஏசப் போகிறா என்று நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். ஏசவில்லை. அண்ணை, நீங்கள் பயத்தில என்ர பேரைச் சொன்னாலும் நான் கோவிக்க மாட்டன், பிள்ளையளோட இருக்கிற மனிசன், அவையளுக்கு என்ர பேர் எப்பிடியும் வேணும் என்று சொல்லி, ஒரு பை சூடைக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனா. ஏசியிருந்தால் அந்தக் கோபத்திலாவது சொல்லியிருப்பேன். அந்த மனிசி என் வாயைக் கட்டிப்போட்டு விட்டா. அவவை உள்ளே போட்டால் கூட்டம் கூட்ட ஆளில்லை, ஒரு மாதத்தில் அன்னப்பறவை மிதக்கும், அதற்குத்தான் என் ஒரு சொல்லுக் கேட்கிறார்கள் என்று என் மண்டைக்கே விளங்குகிறது. ஆகையால் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை, கட்டை நின்ற இடத்தில் கட்டினேன், நான் ஒரு மடையன் என்று. இதை அவர்கள் நம்புவார்களா என்றுதான் நடுங்குகிறேன். ஊர் முழுக்க ஒரு செலவும் இல்லாமல் நம்பி வந்த விசயம், அந்த ஒரு நாள் மட்டும் நம்பாமல் விட்டால் என்ன செய்வது. வேண்டுமென்றால் தான் வந்து சாட்சி சொல்வதாக அம்மா சொல்கிறா, கலியாணம் முடித்த நாளிலிருந்து உதாரணம் வைத்திருக்கிறாவாம்.

நீ அங்கிருந்து ஒன்றும் செய்யாதே. அந்த வீடியோவுக்கு நீயும் சிரிப்புப் போட்டு நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாய் என்று றொஷானி சொன்னாள், அதை எடுத்துவிடு. சிந்துஜனுக்குப் போன் எடுத்து ஏசாதே, அவனுடைய தாய் நல்ல மனிசி. புதன்கிழமை நீயாகப் போன் எடுக்காதே, நான் வந்து எடுப்பேன். பின்னேரமாகியும் எடுக்காவிட்டால் முதலில் அம்மாவோடு கதை, அழாமல் கதை. உடுக்கச் சாரம் ஒன்று, பிரசர்க் குளிசை, செபமாலை மூன்றையும் பையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன், அம்மா அதைக் கண்டும் காணாத மாதிரித் திரிகிறா.

ஒன்று சொல்ல மறந்தேன். நேற்று விடியவும் வலை வளைத்தார்கள். கட்டையும் இல்லை, கல்லும் இல்லை, கயிற்றை எங்கே கட்டுவது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலைத் தோண்டிக் குதிக்காலை ஊன்றிக் குந்திவிட்டேன். கடல் இழுத்த இழுவையில் நானும் நெத்தலியோடு போய்ச் சேரப் போகிறேன் என்றுதான் நினைத்தேன், அருள்நிறைந்த மரியே பாதிக்கு மேல் வரவில்லை. பிறகு பின்னால் ஒருவன் வந்து என் தோளைப் பிடித்துக் குந்தினான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். இடுப்புத் தோல் உரிந்துவிட்டது, அம்மா எண்ணெய் பூசினா. ஆனால் மகன், நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. புதன்கிழமையும் அப்படியே குந்தியிருக்க வேணும் என்று எனக்காக ஒரு செபம் சொல்லு.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. அம்மாவின் முத்தம், தங்கச்சியின் அன்பு, என் ஆசீர்வாதம். கருவாட்டை வெயிலில் ஒருக்கால் காட்டிவிட்டு வை, அர்ஷாக்குக்கும் பாதி கொடு.

இப்படிக்கு,
உன் பயந்த அப்பா
பஸ்தியாம்பிள்ளை