காட்டு மாமரத்தடிக் குழவி

என் வாயாடி ராசாத்தி மதினிக்கு,

நீங்கள் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது மட்டும் எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். புது ரோட்டுக்குத் தார் போட்டு முடித்துவிட்டார்கள், அதனால்தான். இனி நான் உண்மையைச் சொன்னாலும் அந்த ரோட்டை யாரும் பெயர்த்தெடுக்கப் போவதில்லை. பொறுங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை இப்போது பல்கலைக்கழகம். சத்தியமாகத்தான் மதினி. நீங்கள் கொழுந்து பறித்த இடத்தில் பிள்ளைகள் புத்தகமும் கையுமாகத் திரிகிறார்கள். சரிவில் ஒரு தாவரத் தோட்டம் போட்டு, மரத்துக்கு மரம் நம்பரும் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். மூங்கில், ஏலம், கறுவா என்று பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு தேயிலைச் செடிக்கும் பலகை வைத்திருந்ததைக் கண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டீச்சர், இத பாக்கவா பஸ்ஸு புடிச்சு வந்தோம்?" என்றான் ஒருவன்.

நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். எதிரே நம் காட்டு மாமரம். அதன் அடியில் அந்தக் கல்.

ஞாபகம் இருக்கிறதா? அந்த மரத்தை வெட்டி விற்கப் போகிறார்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னாரே. கைக்குழந்தைக்காரிகளுக்கு அந்த மரம்தான் கதி. பத்து மணிக்கு, நீங்கள் பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆயா குழந்தைகளை அங்கே தூக்கி வருவாள். கூடையை இறக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்து பால் கொடுப்பீர்கள். மரம் போனால் காம்பரா வரைக்கும் மேட்டில் ஏறி இறங்க வேண்டும், கங்காணியிடம் வசவும் வாங்க வேண்டும். "வெட்டட்டும், பாப்போம்" என்றீர்கள். வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்தால் வீட்டில் அம்மிக்குழவியைக் காணோம். அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தேடுகிறார். நீங்களோ பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று முதல் ஆளாகக் கிளம்பிவிட்டீர்கள். அன்று பள்ளிக்கூடம் லீவு. உங்களுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு நான் மலைக்கு வந்தால், மரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிய ஒரு சாமி! அந்தத் துணி உங்கள் பழைய சேலையின் முந்தானை. அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது.

மரம் அறுக்கும் வாளோடு வந்தவர்கள் மரத்தில் கைவைத்ததும், முடியை அவிழ்த்துவிட்டு ஆடினீர்களே ஓர் ஆட்டம்! "யாரக் கேட்டுடா என் மரத்துல கைய வைக்கிறீங்க?" கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மரம் வெட்ட வந்த சிங்கள ஆட்கள் கும்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். எங்கள் அம்மா, மாமியார் என்பதையும் மறந்து, பொத்தென்று உங்கள் காலில் விழுந்தார். அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள் பாருங்கள், அதை எப்படி மதினி மறப்பேன்?

தோட்டத்துத் துரையும் வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா தன் குழவிக்கே விளக்கு வைத்துக் கும்பிட்டார். அண்ணன் பதுளையிலிருந்து புதுக்குழவி வாங்கி வரும்வரை வீட்டில் போத்தலை உருட்டித்தான் மசாலா. மரம் தப்பியதில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "சாமி விஷயத்துல வெளையாடாதீங்க மதினி" என்று உங்களோடு எத்தனை தடவை மல்லுக்கு நின்றிருப்பேன்! நான் அப்படித்தான், தெரியுமே. பொய் சொன்ன பிள்ளையை வகுப்பில் முட்டிபோட வைக்கிற ஆள்.

இரண்டு வருஷம் கழித்து உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கந்தல்துணியாகக் கிடந்தீர்கள். பயத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. "எல்லாம் சாமி குத்தம். அந்தக் கல்ல வச்சு ஊர ஏமாத்துனீங்க, இப்ப அனுபவிக்கிறீங்க" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "அது ஒங்கம்மா குழவி, புள்ள. குழவிக்கு எங்க கோவம் வரும்?" என்றீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. அந்தத் திரும்பல் வலியினாலா, என் மேல் வருத்தத்தினாலா? இன்றுவரை தெரியவில்லை. அந்த மரத்தடிக்கு நான் அதன்பின் போகவே இல்லை.

அதனால்தான் போன வருஷம் அங்கே சிலையாக நின்றுவிட்டேன். அப்போது ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். பெயர் கவிதா. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, லயத்திலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"டீச்சர், நீங்க இந்தத் தோட்டத்து ஆளுங்களா? புது ரோட்டுக்காக இந்த மரத்த எடுக்கணுங்கிறாங்க. இலங்கைய விட்டா வேற எங்கயுமே இல்லாத மரம்ங்க இது. சொன்னா யாரும் காதுல போட்டுக்கல. ஆனா காலங்காலமா ஜனங்க கும்பிடுற எடம்னு எழுதிக் குடுத்தா, ரோட்ட வளைச்சுப் போடலாம்னு எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் சொன்னாரு. இந்தக் கல்லு ரொம்பப் பழசுங்களா?"

கல்லைப் பார்த்தேன். அம்மா அரைத்து அரைத்து நடுவில் தேய்ந்திருந்த இடம் மஞ்சளுக்குள்ளும் தெரிந்தது. பின்னால் என் முப்பது பிள்ளைகளும் நான் என்ன சொல்வேன் என்று வாய்பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ரொம்பப் பழசும்மா. எங்க முன்னோரு காலத்துலேருந்து இங்கதான் இருக்கு" என்றேன். பொய் மதினி. முழுப் பொய். நாக்குக் கொஞ்சமும் குழறவில்லை.

"சாமி பேரு என்னங்க?"

அட, நாம்தான் அதற்குப் பெயரே வைக்கவில்லையே! என் வாயிலிருந்து தானாக வந்தது. "ராசாத்தி. ராசாத்தி அம்மன்."

கவிதா எழுதிக்கொண்டாள். பக்கத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சிங்களத் தோட்டக்காரர், தினமும் அங்கே ஊதுபத்தி ஏற்றுபவர் அவர்தானாம், "ராசாத்தி அம்மா" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுதுவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், சாமிக்கு என்ன பெயர் சொன்னேன் என்பதை மட்டும் மெல்லச் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். சிரித்தார். "பொருத்தமாத்தான் வச்சிருக்க. குழவியத் தூக்குனவ பேரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"இருவத்தஞ்சு வருசம் அரைச்ச குழவி எனக்குத் தெரியாதாடி?"

"அப்ப எதுக்கும்மா மதினி கால்ல விழுந்தீங்க?"

"மாமியாக்காரி நானே விழுந்தாத்தானே மத்தவங்க நம்புவாங்க. ஒன்னையும் ஒங்க அண்ணனையும் அந்த மரத்தடியிலதான் பால் குடுத்து வளத்தேன். அவ ஒத்த ஆளா ஆடுறா, நான் சும்மா பாத்துக்கிட்டு நிப்பேனா?"

பார்த்தீர்களா? மூன்று பேர் கூட்டுச் சேர்ந்த திருட்டில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் சாமி குத்தம் தெரிந்திருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள் மதினி.

போன வாரம் போய்ப் பார்த்தேன். ரோடு நேராக வந்து, மரத்துக்கு முன்னால் மரியாதையாக வளைந்து போகிறது. மரத்தின் பலகையில் எனக்கு வாயில் நுழையாத ஒரு பெயர், அதன் கீழே சிங்களப் பெயர், அதற்கும் கீழே தமிழில் 'ராசாத்தி அம்மன் மரம்'. அந்த நிழலில் பால் குடித்த உங்கள் மகள் செல்விக்கு இப்போது பதினேழு வயது. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், வாய் அப்படியே உங்கள் வாய். அவளிடம் இந்தக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை.

குழவிக்குக் கோபம் வராது என்றீர்கள். அம்மனுக்கு வருமா மதினி?

வந்தாலும் பரவாயில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மாவைக் கைப்பிடித்து, செல்வியையும் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். தேங்காய் பழமெல்லாம் கிடையாது. அன்று ஆடிய களைப்பில் நீங்கள் சாப்பிடாமலே விட்டுவிட்ட ரொட்டியும் சம்பலும்தான். முதலில் உங்கள் காலில் விழுவேன். பிறகு உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்வேன். ஒரு வார்த்தை பொய் இருக்காது.

அன்று நீங்கள் கண்ணடித்தபோது திருப்பிக் கண்ணடிக்கத் தெரியாத
உங்கள் நாத்தனார்,
வசந்தா