என் வளையல்களைப் பற்றி

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

பிரவீணாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் அப்பாவின் பாடைக்கு முன்னால் நீ ஆடியதால்தான் உன்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்று இங்கே சொல்கிறார்கள். காரியாபட்டி வரை அந்தக் கதை போயிருக்கிறது. அது உண்மையில்லை. பொட்டப்பிள்ளை தெருவில் ஆடுவதா என்று தங்கத்தாய் அத்தை வீட்டு மாமா தப்பு அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னார். செல்லப்பாண்டி குச்சியைத் தூக்கியபடி என் முகத்தைத்தான் பார்த்தார். "நிறுத்த வேண்டாம். அவ அப்பாவுக்கு அவ ஆடுறா" என்று சொன்னது நான். அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. பேச்சைக் குறைத்த காரணம் வேறு.

போன வாரம் உன் சித்தப்பா மகள் கிருஷ்ணப்ரியா வந்திருந்தாள். பெங்களூரில் நீ போட்ட ஆட்டத்தை லேப்டாப்பில் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தேன். செல்லப்பாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். முதல் பாதியில் எனக்குக் குறையில்லை. முழங்காலை மடக்கிப் புழுதியை உதைக்கிற அந்த அடி நம் தெரு அடிதான். "காலு சுத்தம் தாயி" என்றார் அவர்.

அதன் பிறகு வெள்ளைச் சேலையோடு வருகிறாய். நாலு பேர் உன் கையைப் பிடித்துக் கல்லில் மோதுகிறார்கள். வளையல்கள் நொறுங்குகின்றன. தலையை விரித்துப் போட்டு அலறி விழுகிறாய். எழுந்து அந்தத் துண்டுகள் மேலேயே ஆடுகிறாய். சனங்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். கடைசியில், இது என் அம்மா கோகிலாம்பாளுக்கு நடந்தது என்று திரையில் எழுத்து வருகிறது.

எனக்கு அப்படி நடக்கவில்லை.

கருமாதியன்று விடியற்காலையில் கொல்லைப்புறத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். புருஷனை இழந்த பெண்கள் மட்டும்தான் அங்கே இருந்தார்கள். கல்யாணமாகாதவள் பார்க்கக் கூடாதென்று உன்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தினம் மதினி கல்லைக் கழுவி வைத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். நான் சோப்புக் கேட்டேன். "புருசன் போய்ட்டாரு, வளையலு மட்டும் முழுசா இருக்கணுமாக்கும்" என்றார். "இது பங்குனிப் பொங்கலுக்கு அவுக வாங்கித் தந்தது. ஒடைக்கச் சொல்லி அவுக சொல்லல" என்றேன்.

வாளியில் கையை நனைத்து, சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வாதத்தில் வீங்கின கை. பெருவிரல் பக்கம் தோல் உரிந்தது. மதினி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்லைத் தள்ளி வைத்து, கையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். ஒரு வளையல்கூட உடையவில்லை. தாலியையும் நானேதான் கழற்றினேன். நான் அழவில்லை.

இது உனக்குத் தெரியாமல் போனதைக் குற்றமாகச் சொல்லவில்லை. போன வருஷம் ரெக்கார்டரோடு வந்து இங்கே தங்கினாய். ஒப்பாரி பாடுகிற தங்கமாரியிடம் கேட்டாய். தெருவில் பாதிப் பேரிடம் கேட்டாய். தங்கத்தாய் அத்தையை ஹாலில் உட்கார வைத்து மத்தியானம் முழுக்கப் பேச விட்டாய். வளையலை நொறுக்கினார்கள், கோகிலா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள் என்று அவள் சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. அவள் சுமங்கலி. கொல்லைப்புறம் பக்கமே அவளை விடவில்லை. அந்த நேரத்தில் வாசலில் பந்தல்காரரோடு வாடகைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

காப்பி கொண்டுவந்து வைத்தேன். இப்போதாவது என்னைக் கேட்பாய் என்று பக்கத்திலேயே நின்றேன். சர்க்கரை போதவில்லை என்றாய்.

நான் பேச்சைக் குறைத்தது அன்றைக்குத்தான்.

கான்வென்ட்டில் எங்களுக்கு சிஸ்டர் பிலோமினா இருந்தார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத வைப்பார். உனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை பேங்க் வரிசையில் மில்காரர் வீட்டம்மா என் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்து, "பாவம், எம்புட்டுப் பட்டிருக்கீக" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்களும் உச்சுக்கொட்டினார்கள். உன் அப்பா இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, இந்த ஊரில் ஒருவரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியதில்லை. அதை நீ மேடை போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

அடுத்த மாதம் மதுரையில் ஆடப்போகிறாயாம். சொந்தக்காரர்கள் வேன் பேசிவிட்டார்கள். தங்கத்தாய்க்கு முன் சீட்டாம். நான் அந்த வேனில் ஏறமாட்டேன். மதுரைக்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். வளையல் உடைப்பதை எடுத்துவிடு. அது இல்லாமல் ஆட்டம் நிற்காது என்றால் என் பெயரை எடுத்துவிடு. சோப்புப் போட்டுக் கழற்றுவதை ஆட்டமாக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. அது உன் வேலை.

வளையல்கள் பீரோவில் அப்பாவின் பட்டு வேட்டிக்குள் இருக்கின்றன. தபாலில் அனுப்ப மாட்டேன், உடைந்துவிடும். வந்தால் பார்க்கலாம்.

மேடையில் கொட்டிக் கிடப்பது நிஜக் கண்ணாடி இல்லை என்கிறாள் கிருஷ்ணப்ரியா. கும்பிட்டுவிட்டு உள்ளே போகும்போது நீ இடது காலை ஊன்றவில்லை. அதை நான் பார்த்தேன்.

நல்லபடியாக இரு. நான் கேட்டதற்கு இரண்டில் எது என்று பதில் வேண்டும். கால் எப்படி இருக்கிறது என்பதும் வேண்டும். போனில் சொல்லாதே. உன் கைப்பட எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. கோகிலாம்பாள்