கிளிப்பச்சை மதில்

அப்பா,

நகக்கண்ணில் ஒட்டிய கிளிப்பச்சை பெயின்ட் போக மாட்டேன் என்கிறது. டர்பன்டைன் தொட்டுத் தேய்த்தேன். பெயின்ட் இருக்கிறது, மணமும் கூடச் சேர்ந்துகொண்டது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, "இது எந்து நெயில் பாலிஷ்?" என்று மலையாளத்தில் கேட்டாள். வழக்கம்போல் சிரித்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். ஆனால் அந்த மணத்தை எங்கே ஒளிப்பது? லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, அடுத்தவர் மதிலுக்கு வெயிலில் நின்று பெயின்ட் அடித்த நீங்கள் மேசைக்கு எதிரே வந்து நின்றுவிட்டீர்கள்.

சாலைக் கடைத்தெருவில், பாத்திரக்கடையில் பகலெல்லாம் விலை சொன்ன வாய் உங்களுக்கு வீட்டுக்கு வந்தும் ஓயாது. வாசலில் செருப்பைக் கழற்றியதும், குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல்முட்டியால் சுவரைத் தட்டுவீர்கள். "இன்னைக்கு நம்ம வீடு என்ன வெல தெரியுமா?"

யாரும் கேட்டு வந்ததில்லை. வாங்குகிறவனும் நீங்கள்தான், விற்கிறவனும் நீங்கள்தான்.

"முக்குல லைட்டு போட்டுட்டான்லா? கூடிட்டு."

ஓடையைச் சிலாப் போட்டு மூடினார்கள், விலை கூடிற்று. எதிர்வீட்டில் செம்பருத்தி பூத்தது; அதற்கும் கூடிற்று. யாரோ ஓடையோரம் மீன்கழிவைக் கொட்டிவிட்டுப் போன நாளில் மட்டும் முகம் வாடிப்போனது. "வெல எறங்குது, வெளக்கமாத்த எடு!" என்று அம்மாவை விரட்டி, கடைசியில் நீங்களே போய்க் கூட்டினீர்கள். அதனால்தான் நம் நடவழி எப்போதும் சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் அதைப் பொதுச்சேவை என்று நினைத்தார்கள்.

என் பி.காம். ரிசல்ட் வந்த அன்று இரண்டுமுறை சுவரைத் தட்டினீர்கள். "பட்டதாரி இருக்குத வீடு. இனி இத வாங்க முடியாது, பாத்துட்டுப் போகத்தான் முடியும்."

"அப்ப இவ கல்யாணமாகிப் போனா எறங்கிருமா?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளைய இங்க இருக்கச் சொல்லு. இன்னும் கூடும்."

எல்லா விலையும் சொல்லி முடித்துக் கடைசியில் ஒன்று சொல்வீர்கள்: "ஆனா குடுக்க மாட்டேன்." கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள் ஏமாந்து திரும்பிப் போவதை நானும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் வீடு இரண்டே சென்ட். மழைக்காலத்தில் தெற்குச் சுவரில் ஈரம் ஏறும். அதை மறைக்க அம்மா காலண்டரை மாட்டினாள். ஈரம் ஏற ஏறக் காலண்டரும் ஏறி, தேதி பார்க்க நான் ஸ்டூல் போடவேண்டி வந்தது. "சுவரு வேர்க்குது, வெயிலு வந்தா சரியாயிரும்" என்று முடித்துக்கொண்டீர்கள். அந்தச் சுவருக்குப் பெயின்ட் வாங்கித் தருவீர்கள் என்று அம்மா காத்திருந்தாள். நீங்களோ கடை ஷட்டருக்கு வாங்கி மீந்த கிளிப்பச்சையைக் கொண்டுவந்து, வளைவில் இருக்கும், பொன்முடி மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சுகுமாரன் மாமனின் மதிலுக்கு அடித்தீர்கள். அவர் ஓணத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து.

மாமன் திரும்பி வந்து மதிலைப் பார்த்து நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கையில் பை, பின்னால் மாமி.

"எந்தோன்னு அண்ணாச்சி இது! எண்டே மதில் தத்தைக்கிளியாயிப் போயல்லோ!"

"பாசி புடிச்சுக் கெடந்துதுல்லா, சேட்டா. எங்க வீட்டுக்கு வாரவன் மொதல்ல பாக்குதது உங்க மதிலத்தான். எங்க வீட்டுக்கு அதான் நெத்தி."

"எண்டே மதிலு எண்டே நெற்றி. கேட்டா?"

"அப்பம் அந்த நெத்தியக் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டுங்க. ஒரு ஆட்டோ திரும்பட்டும்."

அதுதான் நம் வீட்டின் உண்மையான குறை. ரோட்டிலிருந்து வரும் வழியில் அந்த ஒரு மூலை. பைக் வரும், சைக்கிள் வரும், ஆட்டோ திரும்பாது. மாமன் தன் மண்ணில் ஒரு முழம்கூட விடமாட்டார். மண்ணைக் கேட்டபோதெல்லாம் அவர் மறுத்ததும், நீங்கள் உள்ளே வந்து சிரித்ததும் நினைவிருக்கிறது. "பொன்முடி கொண்டைஊசியெல்லாம் அரசு பஸ்ஸத் திருப்புன டிரைவரு, சொந்த மூலையில ஒரு ஆட்டோவத் திருப்ப விடமாட்டேங்காரு!"

போன மழைக்காலத்தோடு நீங்கள் இல்லாமல் போனீர்கள். அதன்பிறகு அம்மாவின் முழங்கால் கெட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், ஆட்டோ நிற்கும் வளைவிலிருந்து உங்கள் கிளிப்பச்சையைத் தடவிப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். பாதியில் நின்றுவிடுவாள். ஒருநாள் நிஜமாகவே வீடு வாங்கித் தரும் புரோக்கர் ஒருவர் வந்தார். உள்ளே வரவே இல்லை. வளைவில் நின்று மூலையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கி அடிமாட்டு விலை ஒன்று சொன்னார். "வண்டி கேறாத வீடு அல்லே? கிட்டுன்ன விலைக்குக் கொடுத்திட்டு ஃபிளாட்டுல வாடகைக்குப் போணம், அம்மா." அம்மா என்னைப் பார்த்தாள். "வித்துருவோமா மக்ளே? எனக்கு இனி நடக்க ஏலாது."

நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. வீடுகளுக்கு மதிப்புப் போடப் போகிறவர் எடுத்துவரும் படங்களில் முதலில் இருப்பது வீடு அல்ல, வீட்டுக்குப் போகும் வழி. அப்புறம் ஓடை, பக்கத்து வீடுகள். ஈரம் ஏறிய சுவர் கடைசியில்தான் வரும். நீங்கள் பார்த்தால் விரல்முட்டியால் என் மேசையையே தட்டியிருப்பீர்கள்.

வழி இல்லாவிட்டால் வீடு போய்விடும். வழி அந்த மூலையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லவேண்டியதை மலையாளத்தில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு மாமன் வீட்டு கேட்டில் போய் நின்றேன். அவர் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது உங்களுடையது மட்டும்தான்.

"மாமா... பொன்முடி வளைவெல்லாம் திருப்புன டிரைவரு, சொந்த மூலையில ஒரு ஆட்டோவத் திருப்ப விடமாட்டேங்காருன்னு அப்பா சொல்லுவாங்க."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மாமன் மதிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னிட்டு அண்ணாச்சி இது எண்டே முன்னாடி பறஞ்ஞில்லல்லோ! பறஞ்ஞிருந்தா அன்னே பொளிச்சேனே!"

"அது பொளிக்கட்டே!" என்று மதிலை இடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார். "அந்த நிறம் கண்டு கண்டு எண்டே கண்ணு போயி."

"பொளிக்காம். பக்ஷே புதிய மதிலுக்கும் அதே நிறம் வேணம்," என்றார் மாமன் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "நீ தன்னே அடிக்கணம், மோளே. அண்ணாச்சி இல்லாத்த மதில் எனிக்கு வேண்டா."

மூலையைத் தள்ளி, பழைய கல்லை வைத்தே கட்டினார். கொத்தனார் கூலி நம்முடையது. நேற்று நான் பெயின்ட் அடித்தேன். காய்வதற்குள் அம்மாவை ஏற்றிக்கொண்டு முதல் ஆட்டோ வந்துவிட்டது. மாமன் நடுவழியில் நின்று, "வரட்டே... வரட்டே... ஒடி, ஒடி... ரைட்!" என்று பொன்முடி பஸ்ஸைத் திருப்புவதுபோல் கைகாட்டினார். ஆட்டோ திரும்பியது. போகும்போது அதன் இடுப்பில் நீளமாக ஒரு கிளிப்பச்சைக் கோடு. ஆட்டோக்காரர் திட்டத் திட்ட, மாமி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று சாயங்காலம் புரோக்கர் ஆட்டோவிலேயே வந்து இறங்கினார். இந்தத் தடவை உள்ளே வந்தார், காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார், சுவரைக்கூடப் பார்க்காமல் பழையதைவிட ஒன்றரை மடங்கு சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தேன். அவர் போனதும் என் கை தானாகச் சுவருக்குப் போயிற்று. நகத்தில் பச்சையோடு விரல்முட்டியால் தட்டினேன்.

"இன்னைக்கு நம்ம வீடு என்ன வெல தெரியுமாம்மா?"

அம்மா காலை நீட்டிக்கொண்டு, நான் விலை சொல்லக்கூட விடாமல், வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"குடுக்க மாட்டோம்னு சொல்லு."